சட்டையைத் தின்னும் தவளை

தமிழில் தவளைக்குக் குரல் உண்டு, உடல் இல்லை என்று எனக்கு அடிக்கடி தோன்றுவதுண்டு. மழை பெய்ததற்குச் சாட்சி சொல்லத் தவளை வருகிறது. மணலுக்குள் பத்திரமாகக் கிடக்கும் நுணல் வாயைத் திறந்து தன்னைக் காட்டிக்கொடுத்து, பேசிக் கெடுபவர்களுக்குப் பாடமாகிறது. உலகம் தெரியாதவனைக் கேலி செய்வதற்கென்று ஒரு தவளையைக் கிணற்றுக்குள் இறக்கி வைத்திருக்கிறோம். குரலாகவும் நீதியாகவும் உவமையாகவும் வந்துபோகிற இந்த உயிரின் தோல் எத்தகையது, அது எவ்வாறு கூடுகிறது, முட்டையிட்டபின் என்ன செய்கிறது என்பதையெல்லாம் நம் பேச்சுவழக்கும் பழமொழிகளும் பெரிதாகப் பொருட்படுத்தியதில்லை.

ஒரு சிறு உதாரணம் சொல்கிறேன். பாம்பு உரித்த தோலைச் 'சட்டை' என்கிறோம். வேலியோரத்திலோ கூரை இடுக்கிலோ பாம்புச் சட்டையைப் பார்த்திராத கிராமத்துப் பிள்ளைகள் குறைவு. தவளையும் தோலுரிக்கிறது, பாம்பைவிட அடிக்கடி உரிக்கிறது. ஆனால் 'தவளைச் சட்டை' என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை. காரணம் எளியது. பெரும்பாலான தவளைகள் உரித்த தோலை அப்போதே தின்றுவிடுகின்றன. மண்ணில் கிடக்கும் பொருளுக்குப் பெயர் வைக்கலாம். கிடக்காத பொருளுக்கு யார் பெயர் வைப்பது?

இதுவரை இந்த அறியாமையால் பெரிய கேடு ஒன்றும் இல்லை. தவளை ஏரியில் இருந்தது, நாம் கரையில் இருந்தோம். இப்போது அது கண்ணாடித் தொட்டிக்குள் புகுந்து நம் கூடத்தில் வந்து அமர்ந்திருக்கிறது. பார்க்கத் தெரியாமல் வளர்க்கத் தொடங்கிவிட்டோம் என்பதுதான் என் குறை.

*

ஓசூரைத் தெரிந்தவர்களுக்கு இந்தச் சித்திரம் புதிதாக இராது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபிறகு வளர்ந்த ஊர். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2019இல் ஓசூர் மாநகராட்சியானது. அத்திப்பள்ளி வந்துவிட்டால் கர்நாடகம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தேநீர்க் கடையில் புழங்கும். தவக்களை, கப்ப, கப்பெ என்று தவளையை மூன்று விதமாகவும் அழைப்பார்கள். முறை வைத்து வேலைக்குப் போய்வருகிற இளைஞர்களும், பெங்களூரு வாடகைக்கு அஞ்சி இங்கே குடியேறிய குடும்பங்களுமாக அடுக்குமாடி வீடுகள் நிறைந்துகொண்டிருக்கின்றன. நாய் வளர்க்க வீட்டுக்காரர் விடமாட்டார். மீன் தொட்டிக்குத் தடையில்லை. அந்த மீன் தொட்டியில், மீன் அலுத்தபிறகோ மீனுடன் சேர்த்தோ, நீர்த்தவளைகளும் வந்துவிடுகின்றன.

கடைகளில் கிடைப்பவை முக்கியமாக இரண்டு வகை. இரண்டும் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. வாழ்நாள் முழுவதும் நீருக்குள்ளேயே இருந்து, மூச்சுக்கு மட்டும் மேலே வருபவை. ஒன்று குள்ளத்தவளை. மூன்று நான்கு சென்டிமீட்டரைத் தாண்டாது. இன்னொன்று நகத்தவளை. பின்னங்கால்களில் மூன்று விரல்களில் மட்டும் கறுத்த நகம் இருக்கும். இதன் பெண் பத்து சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். பதினைந்து ஆண்டுகளைத் தாண்டியும் உயிர்வாழும். வெள்ளை உடலும் சிவந்த கண்ணுமாக விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் நகத்தவளையின் நிறமற்ற வடிவமே. குஞ்சாக இருக்கையில் இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. முன்னங்கையைப் பார்த்தால் போதும். விரல்களுக்கிடையே சவ்வு இருந்தால் குள்ளத்தவளை; சவ்வில்லாமல் விரல்கள் தனித்தனியே விரிந்திருந்தால் நகத்தவளை. இந்த ஒரு வேறுபாட்டைக் கடைக்காரரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. குள்ளத்தவளை என்று நம்பி வாங்கியது ஓராண்டில் கூட இருந்த மீன்களையெல்லாம் விழுங்கிவிட்டது என்ற புகாரின் பின்னே பெரும்பாலும் இந்தக் கதைதான் இருக்கும்.

இவ்விரண்டுக்கும் நாக்கு கிடையாது. குரல்பையும் கிடையாது. நம் பழமொழிகள் தவளைக்குக் கொடுத்த வாயும் பேச்சும் இவற்றுக்குப் பொருந்தா. நமக்குப் பழக்கமான தவளையை வைத்து இவற்றைப் புரிந்துகொள்ள முயன்றால் தடுமாறத்தான் வேண்டியிருக்கும். அந்தத் தடுமாற்றம் மிக அப்பட்டமாக வெளிப்படும் தருணங்கள் இரண்டு: தோலுரிப்பது, கூடுவது.

*

தோலுரிப்பை முதலில் பார்ப்போம். வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றும் இளைஞர் ஒருவர் எனக்குப் பழக்கம். ஒரு நாள் காலையில் தொலைபேசியில் அழைத்தார். "நேத்து ராத்திரியிலிருந்து ஒண்ணுக்குத் தோலெல்லாம் கிழிஞ்சு தொங்குதுண்ணா. பூஞ்சைன்னு கடையில சொன்னாங்க, மருந்து கொடுத்திருக்காங்க" என்றார். நான் போவதற்குள் தொட்டி நீர் பச்சையாகிவிட்டிருந்தது. மீன்களுக்கு ஊற்றுகிற மருந்து அது. தவளை மூன்றாம் நாள் செத்துப்போனது. அவர் மிகவும் வருந்தினார். தவளைமீது அவருக்கு அன்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. உண்மையில் அன்பு மிகுதியால்தான் இரவோடு இரவாக மருந்து தேடி ஓடியிருக்கிறார்.

அவர் பார்த்தது என்ன? தவளையின் தோலில் மிக மெல்லிய மேலடுக்கு ஒன்று இருக்கிறது. சில நாட்களுக்கு ஒருமுறையோ, சில வாரங்களுக்கு ஒருமுறையோ அது கழன்று புதிய அடுக்கு வெளிப்படும். எத்தனை நாள் இடைவெளி என்பது இனத்தையும் வயதையும் நீரின் வெப்பத்தையும் பொறுத்தது. வெப்பம் கூடினால் இடைவெளி குறையும். உரிக்கும் நேரம் நெருங்கும்போது தவளை முதுகை வளைத்து, கால்களை மாறி மாறி உதைத்து, கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறந்து மூடும். பிறகு தோல் பிளந்து, நனைந்த மெல்லிய துணிபோல நீரில் மிதக்கும். கைகளால் அதை இழுத்து வாய்க்குள் திணித்துக்கொள்ளும். நாக்கில்லாத இவ்வினங்கள் இரையை வாய்க்குள் தள்ளுவதும் அதே கைகளால்தான். சட்டையைத் தலைவழியாகக் கழற்றி அப்படியே தின்பதைப் போன்ற காட்சி. முதன்முறை பார்ப்பவர் பதறுவதில் வியப்பில்லை. தோலில் உள்ள புரதம் வீணாகாதிருக்கவே தின்கிறது என்று கருதப்படுகிறது. எல்லாம் முடிந்தபின் தவளை முன்னைவிடப் பளபளப்பாக இருக்கும். சற்று நேரத்தில் பசியோடு இரை தேடும்.

தோல் என்றால் நமக்கு ஒரு போர்வை. அது உரிந்தால் நோய் என்றே கைதூக்கிச் சொல்லிவிடுவோம். தவளைக்கு அது போர்வையல்ல. மூச்சின் ஒரு பகுதி அதன் வழியாக நடக்கிறது. நீரை அது வாயால் குடிப்பதில்லை, தோலால் உள்வாங்குகிறது. உடலுக்கு வேண்டிய உப்புகளின் வரத்தும் போக்கும் தோலில் நடக்கிறது. ஆகவே தொட்டி நீரில் நாம் எதை ஊற்றினாலும் அது தவளைமீது ஊற்றியதாகாது, தவளைக்குள் ஊற்றியதாகும். மாலகைட் பச்சை, ஃபார்மலின், செம்பு கலந்த மருந்துகள் ஆகியவை மீனுக்கு அளவோடு பயன்படலாம். இருவாழ்விகளுக்கு அவை நஞ்சு. குழாய்நீரில் கலந்துவரும் குளோரினும் அப்படியே.

இந்தத் தோலின் பெருமைக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் மைக்கேல் ஸாஸ்லோஃப் என்ற ஆய்வாளர் நகத்தவளைகளை அறுவை செய்து, தையலிட்டு, சாதாரணத் தொட்டி நீரிலேயே மீண்டும் விட்டுவந்தார். கிருமி மலிந்த அந்த நீரில் காயங்கள் சீழ் பிடிக்காமல் ஆறுவதை அவர் கவனித்தார். அதற்கு முன்பும் பலர் இதே தவளைகளை அறுத்துத் தைத்திருக்கிறார்கள். ஏன் சீழ் பிடிக்கவில்லை என்ற கேள்வி அவருக்குத் தோன்றியது. தவளைத் தோலிலிருந்து நுண்ணுயிர்களைக் கொல்லும் சிறு புரதங்களைப் பிரித்தெடுத்து 1987இல் அறிவித்தார். கேடயத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல்லிலிருந்து அவற்றுக்கு மாகைனின் என்று பெயரிட்டார். மருந்துக் கடைக்கு ஓடுகிற நாம், தன் மருந்துக் கடையைத் தோலிலேயே சுமந்து திரியும் உயிருக்காக ஓடுகிறோம்.

உரிப்பதும் இந்தக் காவலில் ஒரு பகுதிதான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் கரும்புத் தேரைகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், தோல் உரிந்ததும் அதன்மேல் குடியிருந்த நுண்ணுயிர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைவதைக் காட்டினார்கள். நாம் நோய் என்று பார்ப்பது நோய்க்கு எதிரான ஏற்பாடாக இருக்கிறது.

இதனால் எந்தத் தோலுரிப்பையும் கண்டுகொள்ள வேண்டாம் என்பதல்ல. நாள் தவறாமல் உரிந்தால், கழன்ற தோல் உடலிலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தால், பஞ்சுபோல் திட்டுத்திட்டாகப் படர்ந்தால், வயிற்றிலும் தொடையிலும் சிவப்பு படர்ந்தால், உடல் ஊதி மிதந்தால், இரையைத் தொடாவிட்டால் அது நோய்தான். மருத்துவரைத் தேட வேண்டும். ஆனால் இந்த வேறுபாடு தெரிய வேண்டுமானால், நலமாக இருக்கும்போது அது எப்படி உரிக்கிறது என்பதை ஏற்கெனவே பார்த்திருக்க வேண்டும். இரையைப் போட்டதும் எழுந்து போய்விடுகிறவருக்கு அது கிட்டாது.

*

இனி கூடல். இங்கே குழப்பம் இன்னும் அதிகம், ஏனென்றால் நம் ஒழுக்கமும் கூடவே வந்துவிடுகிறது.

ஆண் நகத்தவளை பெண்ணின் பின்புறமிருந்து, இடுப்பில், பின்னங்கால்களுக்குச் சற்று முன்னே கைகளால் இறுகப் பற்றிக்கொள்ளும். இதை விலங்கியலார் ஆம்ப்ளெக்சஸ் என்பார்கள். தழுவல் என்று நாம் சொல்லலாம். நம் ஏரித் தவளைகள் பெரும்பாலும் அக்குளில் பற்றும். இவை இடுப்பில் பற்றும். பருவத்தில் ஆணின் கைகளின் உட்புறம் கறுத்துச் சொரசொரப்பாகும், வழுக்காமல் பிடிப்பதற்கு. பெண் அளவில் பெரியது, ஆண் சிறியது. பல மணிநேரம், சிலவேளை இரவு முழுவதும்கூட இந்தப் பிடி நீடிக்கும். பார்க்கிறவர் கண்ணுக்கு ஒன்று மற்றொன்றின் வயிற்றை நெரிப்பதுபோல இருக்கும். "பிரிச்சு விடுங்க, அது மூச்சு முட்டிச் செத்துடும்" என்று வீட்டுப் பெண்கள் பதறுவதும், வலைக்கரண்டியால் இரண்டையும் பிடித்து இழுப்பதும் நடக்கிறது. வலையிலும் இழுப்பிலும் அந்த மெல்லிய தோல் கிழிவதுதான் உண்மையான ஆபத்து.

இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. பற்றிக்கொண்டவை எல்லாம் காதலர்கள் என்று எண்ணிப் புகைப்படம் எடுத்து மகிழ்வது. ஆண் தவளை இன்னொரு ஆணையும் பற்றும். விருப்பமில்லாத பெண்ணையும் பற்றும். அப்போது என்ன நடக்கிறது என்பதுதான் சுவையான செய்தி. நகத்தவளைக்குக் குரல்பை இல்லையே தவிர ஓசை உண்டு. தொண்டையிலுள்ள குருத்தெலும்புகளால் நீருக்கடியில் 'டிக் டிக்' என்ற ஓசையை எழுப்பும். (கடிகாரத் தொழிற்சாலைக்குப் பெயர்போன ஊரில் இந்த ஓசையைத் தொட்டி மோட்டாரின் கோளாறு என்று கழற்றிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.) கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டார்சி கெல்லியும் அவருடைய குழுவினரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு, பெண்ணும் ஓசை எழுப்புகிறது என்பதை மட்டும் சொல்லவில்லை, இருவேறு ஓசைகளை எழுப்புகிறது என்றது. விருப்பமில்லாத பெண் கால்களை விறைப்பாக நீட்டி, மெதுவான தட்டல் ஓசை ஒன்றை எழுப்புகிறது. முட்டையிடத் தயாரான பெண் விரைவான தட்டலை எழுப்புகிறது; அதைக் கேட்ட ஆண் நெருங்கி வந்து பதில் குரல் கொடுக்கிறது. அழைப்பது ஆண், கேட்டு வருவது பெண் என்று பள்ளிப் பாடத்தில் படித்தவர்களுக்கு இது புதுச் செய்தி. கலங்கிய குளத்தில், இருட்டில், பெண் தட்டி அழைக்க ஆண் வருகிறது.

குள்ளத்தவளையின் முறை வேறு. ஆணின் கையடியில் வெளிர் நிறத்தில் சிறு புடைப்பாக ஒரு சுரப்பி தெரியும். அதைக் கட்டி என்று நினைத்துப் பயப்படுபவர்களும் உண்டு. இடுப்பில் பற்றியபடி இரண்டும் சேர்ந்து நீரின் மேற்பரப்புக்கு எழுந்து, மல்லாந்து, சில முட்டைகளை விட்டுவிட்டு மீண்டும் கீழே இறங்கும். இப்படிப் பலமுறை. முட்டைகள் மிதக்கும். நகத்தவளையின் முட்டைகளோ தனித்தனியாகச் செடியிலும் கல்லிலும் ஒட்டிக்கொள்ளும். ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் இருக்கும். காலையில் பார்த்தால் பாதியைக் காணோம். தாயும் தந்தையும் தின்றிருக்கும். இந்த இடத்தில் நம்மவர்களுக்கு அருவருப்பு வந்துவிடுகிறது. பெற்ற பிள்ளையைத் தின்னும் உயிரை வீட்டில் வைத்திருப்பதா என்று ஒருவர் கேட்டார். பரந்த குளத்தில் முட்டையிட்டுவிட்டு நகர்ந்துபோக வேண்டிய உயிரை இரண்டடித் தொட்டியில் முட்டைகளோடு சேர்த்து அடைத்தவர் நாம். தவளைக்கு அது பிள்ளையல்ல; எதிர்ப்படும் இரை. குஞ்சு வேண்டுமென்றால் பெரியவற்றை வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். வேண்டாமென்றால் விட்டுவிடலாம். கண்டிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை.

தவளையின் கூடலில் நம் கதையை ஏற்றிச் சொல்வது தொட்டிக்காரர்களின் பழக்கம் மட்டுமல்ல. மழை வேண்டித் தவளைகளுக்குத் திருமணம் செய்துவைப்பது இந்தியாவில் பல இடங்களில் நடக்கிறது. 2019 ஜூனில் உடுப்பியில் பெயர்சூட்டி, மாலையிட்டு, தாலி கட்டி நடந்தது. அதே ஆண்டு போபாலில் மணமுடித்து வைத்த தவளைகளுக்கு, மழை அளவுக்குமீறிப் பெய்ததால், செப்டம்பரில் மணவிலக்கும் செய்துவைத்தார்கள். இதைக் கேலி செய்வது என் நோக்கமன்று. மழையும் தவளையும் சேர்ந்தே வருபவை என்ற பழைய கவனிப்பு அந்தச் சடங்குக்குள் இருக்கிறது. ஆனால் காரணத்தையும் விளைவையும் திருப்பிப் போட்டுவிட்டோம். தவளை கூடுவதால் மழை வருவதில்லை; மழை வருவதால் தவளை கூடுகிறது. தொட்டியில் நீரை மாற்றிக் குளிர்ந்த புதுநீர் ஊற்றியதும் தழுவல் தொடங்குவதை வளர்ப்பவர்கள் பலரும் கண்டிருக்கலாம். தவளை அதை மழை என்று எடுத்துக்கொள்கிறது.

மனிதர்கள் இன்னொரு வகையிலும் இதற்குள் தலையிட்டிருக்கிறார்கள். கேப்டவுனில் பணியாற்றிய லான்சலாட் ஹோக்பென், மாட்டின் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசிவழி செலுத்தினால் பெண் நகத்தவளை ஆண் இல்லாமலேயே முட்டையிடுவதை 1930 வாக்கில் கண்டறிந்தார். கருவுற்ற பெண்ணின் சிறுநீரும் அதையே செய்தது. 1930களிலிருந்து 1960கள் வரை உலகின் பல மருத்துவமனைகளில் கருவுறுதலைச் சோதிக்கும் கருவியாக இருந்தது இந்தத் தவளைதான். மாலையில் ஊசி போட்டால் மறுநாள் காலை முட்டை இருக்கிறதா என்று பார்த்துச் செய்தி சொன்னார்கள். எத்தனையோ தாய்மார்களுக்கு முதல் செய்தியைச் சொன்ன உயிர் இது. தன் பருவம் எது என்று தீர்மானிக்கும் உரிமையை அதனிடமிருந்து எடுத்துக்கொண்டுதான் அந்தச் செய்தியைப் பெற்றோம். ஆண் துணையே இல்லாத தொட்டியிலும் சிலவேளை பெண் முட்டையிட்டுவிடுவதைக் கண்டு திகைப்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம். முட்டை என்பது உடலின் கணக்கு. கூடல் அதன் ஒரு பகுதி மட்டுமே.

*

இதையெல்லாம் அறிவியலார் பார்த்துச் சொல்லிவிட்டார்களே, நாம் எதற்குப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். அவர்களும் உட்கார்ந்துதான் பார்த்தார்கள் என்பதே என் பதில். மேற்குத் தொடர்ச்சி மலையில், மகாராஷ்டிரப் பகுதியில், பம்பாய் இரவுத்தவளை என்றொன்று இருக்கிறது. உலகின் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தவளை இனங்களுக்கும் தழுவல் ஆறு வகை மட்டுமே என்று நெடுங்காலம் கருதப்பட்டது. டெல்லி பல்கலைக்கழகத்தின் எஸ்.டி. பிஜுவும் அவருடைய குழுவினரும் பல இரவுகள் ஓடைக்கரையில் காத்திருந்து, இந்தத் தவளை பெண்ணைப் பற்றாமலேயே, அதன் முதுகின்மேல் கவிந்து இலையிலோ கிளையிலோ கையூன்றி நிற்பதைப் பதிவு செய்தார்கள். ஏழாவது வகை என்று 2016இல் அது வெளிவந்தது. பெண் குரலெழுப்புவதையும் அவர்கள் பதிந்தார்கள். இதற்குத் தேவைப்பட்டது பெரும்பாலும் பொறுமை. ஓர் ஓடையருகே இரவில் அசையாமல் அமர்ந்திருப்பது.

நம் தலைமுறையில் பலர் பள்ளியிலும் கல்லூரியிலும் தவளையை மல்லாக்கப் படுக்கவைத்து, கை கால்களில் குண்டூசி குத்தி, அறுத்துப் பார்த்தவர்கள். அதன் இதயம் மூன்றறை என்று எழுதி மதிப்பெண் வாங்கினோம். முழுத் தவளையை ஐந்து நிமிடம் கவனித்ததற்கு யாரும் மதிப்பெண் தரவில்லை. அறுப்பு இப்போது பாடத்திட்டத்திலிருந்து போய்விட்டது, நல்லது. அதன் இடத்தில் பார்ப்பது வந்து சேர்ந்ததா என்றால், இல்லை.

*

இந்தக் கவனக்குறைவு தொட்டிக்குள்ளேயே முடிந்துவிடுவதில்லை என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். தோலுரிப்பைத் தொற்றுநோய் என்று அஞ்சியவரும், முட்டை தின்பதைக் கண்டு அருவருத்தவரும், குள்ளத்தவளை என்று வாங்கியது கையளவு வளர்ந்ததும் திகைத்தவரும் கடைசியில் ஒரே முடிவுக்கு வருகிறார்கள். கொல்ல மனம் வராது. 'பாவம், ஏரியில் விட்டுவிடலாம்' என்பார்கள். ஓசூரில் அதற்கு ராமநாயக்கன் ஏரி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. புண்ணியம் என்று நினைத்துச் செய்கிற இந்தக் காரியம்தான் எல்லாவற்றிலும் கொடியது.

கருச்சோதனைக்காகவும் ஆய்வுக்காகவும் வளர்ப்புக்காகவும் உலகெங்கும் போன நகத்தவளை சிலியிலும் பிரான்சிலும் சிசிலியிலும் கலிபோர்னியாவிலும் காட்டு நீர்நிலைகளில் பெருகி, அங்குள்ள உயிர்களை விழுங்கிவருகிறது. அது குளிர்ந்த நீரைத் தாங்கும் உயிர். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், மார்கழி இரவுகளில் 15 பாகை செல்சியஸை ஒட்டிக் குளிரும் ஓசூரின் ஏரிகள் அதற்கு அந்நியமாக இரா. (வெப்பநாட்டுக் குள்ளத்தவளைக்குத்தான் அந்தக் குளிர் ஆகாது, அதற்கு நீர் 24 பாகைக்குக் கீழே போகாதிருப்பது நல்லது. கடையில் இதையும் யாரும் சொல்வதில்லை.)

தோலைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அந்தத் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை என்றொன்று இருக்கிறது. தோல் வழியே நடக்கும் உப்புகளின் போக்குவரத்தை அது குலைக்கிறது. இதயம் நின்று தவளை இறக்கிறது. 2019இல் சயன்ஸ் இதழில் வந்த மதிப்பீடு, இப்பூஞ்சையால் குறைந்தது 501 இருவாழ்வி இனங்கள் சரிவைக் கண்டதாகவும், அவற்றுள் 90 அழிந்துபோனதாகவும் சொன்னது. நகத்தவளைகள்தான் இதை ஆப்பிரிக்காவிலிருந்து உலகுக்குப் பரப்பின என்று 2004இல் ஒரு கருத்து முன்வைக்கப்பட்டது. பூஞ்சையின் தோற்றுவாய் கிழக்காசியா என்று 2018இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. பிறப்பிடம் எதுவாயினும், நகத்தவளை நோயால் வாடாமலேயே இந்தப் பூஞ்சையைச் சுமக்கக்கூடியது என்பதும், உயிர் வணிகம் அதைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோனது என்பதும் மாறவில்லை. தொட்டி நீரை வடிகாலில் கொட்டும்போதும் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே இந்த வட்டாரத்து நீரின் நிலை நாம் அறிந்ததே. நந்திமலைப் பக்கம் பிறந்து, பெங்களூருவின் கழிவுகளையும் சுமந்துகொண்டு ஓசூருக்கு அருகே தமிழகத்துக்குள் வரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரையாகப் பொங்குவது ஆண்டுதோறும் செய்தியாகிறது. நுரையை நாம் புகைப்படம் எடுக்கிறோம். தோலால் நீர் குடிக்கிற உயிருக்கு அந்த நீர் என்னவாக இருக்கும்? டைரன் ஹேய்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், அட்ரசின் என்ற களைக்கொல்லி மிகச் சிறிய அளவில் நீரில் கலந்தாலே ஆண் நகத்தவளைகளின் பாலுறுப்புகள் திரிவதாக 2002இல் எழுதினார். மரபணுவில் ஆணாக இருந்த சில தவளைகள் பெண்ணாக மாறி முட்டையிட்டதாக 2010இல் எழுதினார். களைக்கொல்லி உற்பத்தியாளர்கள் அதைக் கடுமையாக மறுத்தார்கள். விவாதம் நெடுங்காலம் நடந்தது. ரோஜாப் பண்ணைகளும் பசுமைக்குடில் காய்கறிகளும் நிறைந்த இந்தப் பகுதியில் கூடல் என்பது இரு தவளைகளுக்கிடையே மட்டும் நடப்பதல்ல, நீரும் அதில் மூன்றாம் தரப்பு என்பதை நாமாவது உணர வேண்டும்.

*

இத்தனைக்குப் பிறகு, தவளையைத் தொட்டியில் வளர்ப்பதே தவறு என்று சொல்லிவிட்டுப் போகலாமே என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அந்தத் தரப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் அப்படிச் சொல்வதால் கடைகள் மூடப்போவதில்லை. ஏற்கெனவே தொட்டியில் இருப்பவை இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வாழப்போகின்றன. அதைவிட, ஏரியை விட்டு வெகுதூரம் வந்துவிட்ட ஒரு நகரத்துப் பிள்ளைக்குத் தவளையை முழுதாகப் பார்க்க இன்று கிடைத்திருக்கும் ஒரே சாளரம் அந்தக் கண்ணாடிதான் என்றும் எனக்குத் தோன்றுகிறது. அதை மூடச் சொல்வதைவிட அதன் வழியாகப் பார்க்கச் சொல்வது பயன் தரும்.

அன்பை நாம் மிகவும் உயர்த்திப் பேசுகிறோம். செல்லப் பிராணி என்ற சொல்லே அன்பைச் சொல்வது. ஆனால் நம்மைப் போல் இல்லாத ஓர் உயிரிடம் அன்பு மட்டும் போதாது. சிலவேளை அது முந்திக்கொண்டு மருந்தை ஊற்றிவிடும், பிரித்து இழுத்துவிடும், ஏரியில் விட்டுவிடும். முதலில் வர வேண்டியது கவனம். அது என்ன செய்கிறது என்று தெரியும்வரை கையைத் தொட்டிக்கு வெளியே வைத்திருக்கும் பொறுமை. ஒரு குறிப்பேடு போதும். எந்த நாளில் தோலுரித்தது, எவ்வளவு நேரம் ஆனது, தின்றதா, நீர் எவ்வளவு குளிர்ந்திருந்தது, எந்த ஓசைக்குப்பின் தழுவல் நடந்தது என்று தேதியோடு எழுதி வந்தால், ஆறு மாதத்தில் அந்த வீட்டுப் பிள்ளை கடைக்காரருக்குப் பாடம் சொல்லும்.

வளர்க்க முடியாமற்போனால் வாங்கிய கடையிலோ, வளர்க்கத் தெரிந்த வேறொருவரிடமோ ஒப்படைக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் ஏரிக்குக் கொண்டுபோகக் கூடாது.

ஏரிக்குத் தவளையில்லாமல் நாம் மட்டும் போகலாம். சித்திரை வைகாசியில் கோடைமழை பெய்த முதல் இரவில், ஊருக்கு வெளியே தண்ணீர் தேங்கும் எந்தக் குட்டையருகிலும் ஒரு விளக்கோடு அரைமணி நேரம் நிற்கலாம். மங்கிய நிறத்தில் கிடந்த பெருந்தவளை ஆண்கள் எலுமிச்சை மஞ்சளாக மாறி, நீலக் குரல்பைகளை ஊதிக்கொண்டிருக்கும். நீரின்மேல் சில்லுக்கல்போல் தத்தி ஓடும் சிறு தவளைகள் விளக்கைக் கண்டு சிதறும். இவற்றின் ஓசையை நாம் தலைமுறைகளாகக் கேட்டு வந்திருக்கிறோம். தொட்டித் தவளையிடம் பழகிய கண் இருந்தால், எது எதை எங்கே பற்றியிருக்கிறது, எது விடுவித்துக்கொள்ளப் பார்க்கிறது என்றும் அந்த இருட்டில் தெரியும். தவக்களையோ, கப்பயோ, கப்பெயோ, அன்றைக்கு அதற்குக் குரலோடு உடலும் இருக்கும்.